தாலுகா ஆபீஸில் நீ சொன்னது

நைனா,

நேற்று சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒரு கணவனும் மனைவியும். கீழ் வீட்டுப் பையனுக்குத் தங்கள் பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் போகலாமென்று மாடி ஏறி வந்திருக்கிறார்கள். அந்தக் கீழ் வீட்டுக்காரரோடு தண்ணீர் மோட்டார் விஷயத்தில் எனக்கு மாதத்துக்கொரு சண்டையாவது நடக்கும். ஆனால் என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "தங்கமான குடும்பங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம்." சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நின்றுவிட்டேன். உன் ஞாபகம் வந்துவிட்டது. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் கணவரைப் பார்த்தாள். அவசர அவசரமாக இன்னும் நாலு நல்ல வார்த்தை சேர்த்து அனுப்பிவைத்தேன்.

நம் ஊரும் அன்றைக்கு இதைத்தானே செய்தது. நல்லது செய்வதாக நினைத்து என் படிப்புக்கு வேட்டு வைத்தது.

எழுபதுகளின் கடைசி அது. நான் காஞ்சிபுரத்தில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தேன். அரசாங்க உதவித்தொகை கிடைத்தால் மூன்று வருடம் படிக்கலாம், கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காவாந்தண்டலத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அதற்கு வருமானச் சான்று வேண்டும். சான்று கொடுக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., விசாரிக்க வருவார் என்று எழுதியிருந்தாய்.

உன் பெயரில் பட்டா இருந்தது. ஏரிப் பாசனத்தில் நல்ல நஞ்சை. ஆனால் அக்கா கல்யாணத்துக்காக அது முழுவதையும் மேலத்தெருச் சித்தப்பாவிடம் போக்கியத்துக்குக் கொடுத்திருந்தாய். வாங்கிய பணத்தைத் திருப்பும்வரை நிலமும் விளைச்சலும் அவருடையது. உன் நிலத்தில் நீயே, விளைச்சலில் ஒரு பங்குக்காக, வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தாய். காலையில் மண்வெட்டியோடு நீ கழனிக்குப் போவதைப் பார்க்கிறவர்களுக்கு எதுவும் மாறினதாகத் தெரியாது. அப்படித் தெரியக்கூடாது என்பதற்காகவே மற்றவர்களுக்கு முன்னால் நீ கிளம்பிப் போவாய் என்று அம்மா சொல்வாள்.

அந்த ஆர்.ஐ. நல்ல மனிதர்தான். நேரே வீட்டுக்கு வராமல், பஸ் இறங்கிய இடத்திலேயே டீக்கடையில் விசாரித்திருக்கிறார். "அவங்களுக்குச் சொத்து எப்படி, வசதி எப்படி?" என்று கேட்டாராம். பேண்ட் சட்டை போட்ட வெளியூர்க்காரர், கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டைப் பற்றி விசாரிக்கிறார். டீக்கடைக்காரர் வேறென்ன நினைப்பார்?

"அந்த வூட்டுக்கு இன்னா சார் கொறச்சல்? நெல்லு கொட்ட எடம் இல்லாம கீது. பொண்ணு வேற காலேஜ் படிக்குது. நீங்க யோசிக்கவே வாணாம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் இரண்டு ஜோடி உழவுமாடு சேர்த்தார். இன்னொருவர் அம்மா கழுத்தில் இல்லாத காசுமாலையைப் போட்டார். விட்டால் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையே வைத்துக் கொடுத்திருப்பார்கள். ஆர்.ஐ. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். எழுதுவதைப் பார்த்ததும் இவர்களுக்கு இன்னும் குஷி.

நம் வீட்டுக்கு வந்தபோது நீயும் உன் பங்குக்குச் செய்தாய். அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை அம்மா அறுத்துவிட்டாள். எதிர் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. ஹாஸ்டலிலிருந்து அன்று லீவு சொல்லி வந்திருந்த நான், கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பாதித் தெரு நின்றது. அவர் கையைக் கழுவிக்கொண்டு, "வருஷ வருமானம் எவ்வளவுன்னு போடலாம்?" என்று கேட்டார்.

நீ தெருவைப் பார்த்தாய். பிறகு, "ஏதோ சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லீங்க. நீங்களே பாத்துப் போட்டுக்குங்க" என்றாய்.

அவர் பார்த்துத்தான் போட்டார். வருமானம் வரம்புக்கு மேல் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கல்லூரி ஆபீஸ் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்து, "வசதியை வெச்சுக்கிட்டு ஏம்மா ஏழைப் பொண்ணுங்களுக்கு வர்றதைக் கேக்கறே?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் என் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வரிசையைவிட்டு விலகினேன். பதில் சொல்ல வேண்டுமென்றால் உன்னைச் சொல்ல வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்து உன்னிடம் சண்டை போட்டேன். நிலம் நம் கையில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே என்றேன்.

"ஊரு முன்னாடி இன்னான்னு சொல்றது?"

"ஊருக்குத் தெரியாதா நைனா?"

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் என் வாயால சொன்னதில்லியே."

அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு, என்னோடு உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினாய். போக்கியம் பிடித்தவரே வந்து சொன்னால்தான் செல்லும் என்று ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் சொல்லியிருந்தார். பஸ்ஸில் நீயும் சித்தப்பாவும் மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு வந்தீர்கள்.

தாலுகா ஆபீஸில் அன்றைக்கென்று பார்த்து ஊர்ப்பட்ட கூட்டம். பட்டா மாற்ற வந்தவர்கள், கடன் கேட்டு வந்தவர்கள், நமக்குத் தெரிந்த முகங்களே ஏழெட்டு. தாசில்தார் நிமிர்ந்து பார்க்காமல் விவரம் கேட்டார். நீ சொன்னது அவர் காதில் விழவில்லை.

"கேக்கலை. சத்தமா சொல்லுங்க."

"நெலம் எங்கைல இல்லீங்க. போக்கியத்துல கீது. அதே நெலத்துல வாரத்துக்கு ஓட்டிக்கினுகீறேன். அதுல வர்றதுதான். வேற ஒண்ணும் இல்லீங்க."

நம் ஊர்க்காரர் ஒருவர் சட்டென்று சுவர் பக்கம் திரும்பி அங்கே ஒட்டியிருந்த எதையோ படிக்க ஆரம்பித்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நைனா. சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, எங்கைலதான் கீது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் உன் பக்கத்திலேயே நின்றேன். உடம்பெல்லாம் கூசியது. வறுமைக்காகக் கூசவில்லை. உன்னை அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேச வைத்தது என் படிப்பு என்பதற்காகக் கூசியது. ஆபீஸை விட்டு வெளியே வரும்போது உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்க்கிற தைரியம் வரவில்லை. எதிர்க் கடையில் நாஷ்டா வாங்கிக் கொடுத்தாய்.

சான்று கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லிவிடலாமே தவிர, அதை வைத்துக் காலம் தள்ளினவர்களுக்குத்தான் அந்தக் கூத்து தெரியும். ஜூனில் கட்ட வேண்டிய பணத்துக்கு மார்ச்சில் செக் வரும். அதுவரை மெஸ் பாக்கி வைத்தவர்கள் பெயரை வார்டன் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று வாசிப்பார். என் பெயர் வராத மாதமே கிடையாது. வாசித்து முடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் கடைசியாகச் சாப்பிடப் போவேன். குழம்பு தீர்ந்து ரசம் மட்டும் இருக்கும். தொகை வந்தவர்கள் கையெழுத்துப் போட வரும்படி பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதன் முன்னால் நிற்க வெட்கப்பட்டு, யாரும் இல்லாத வகுப்பு நேரத்தில் போய்ப் பார்ப்பேன்.

முதல் செக் வந்ததும் மெஸ் பாக்கி போக மிஞ்சியதில் உனக்குப் பதினைந்து ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். நீ வாங்கவில்லை, அப்படியே திரும்பி வந்தது. அடுத்தமுறை ஊருக்கு வந்தபோது கேட்டேன்.

"அது படிப்புக்குன்னு கேட்டு வாங்கினது. வூட்டுக்குன்னு நான் கேக்கலியே" என்றாய்.

இதில் பெரிய பேஜார், சான்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வேண்டும் என்பது. ஒவ்வொரு ஜூனிலும் நீ அந்த ஆபீஸுக்குப் போய் அதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் நான் கூட வரவில்லை. வர வேண்டாம் என்று நீதான் சொன்னாய். கவரில் சான்று வரும். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், தலை குனிந்து அந்தப் படியிறங்கி வரும் உன்னை நினைத்துக்கொள்வேன். கடைசி வருடச் சான்று வந்தபோது, அப்பாடா, இனி என்னால் நீ தலைகுனிய வேண்டியதில்லை என்றிருந்தது.

நான் பி.ஏ. முடித்தேன். வேலை கிடைத்தது. ஆனால் நிலம் கடைசிவரை நம் கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்டதும் இல்லை. பணம் புரளவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

உன் காரியம் முடிந்த அன்று, பந்தலில் எல்லோரும் கிளம்பிய பிறகு சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டிருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"நீ ரெண்டாவது வருசம் படிக்கசொல்ல, நான் டவுன்ல கட வெக்கணும்னு துட்டு கேட்டேன். நெலத்த எட்த்துக்க அண்ணான்னேன். உங்க மாமன் பணம் தர ரெடியா இருந்தாரு. உங்க நைனா, அடுத்த ஆனி வரிக்கும் பொறுன்னாரு. பொண்ணுக்கு இன்னும் ஒரு தபா சான்று வாங்கணும், நெலம் கைக்கு வந்துட்டா குடுக்க மாட்டாங்கன்னாரு."

பொறுக்க முடியாமல் சித்தப்பா போக்கியத்தை டவுன் ரைஸ்மில்காரர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டிருக்கிறார். அதற்குள் மாமாவின் பணமும் வேறு வழியில் போய்விட்டது. பிறகு மில்காரர் நெருக்க, அது கிரயமாகவே முடிந்திருக்கிறது.

"நெலத்த மீட்டுட்டு, மீட்கலன்னு சொல்லிடு, எந்த ஆபீஸர் வந்து பாக்கப் போறான்னு நான் கேட்டேம்மா" என்றார் சித்தப்பா. "அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'மொத வருசம் அந்த ஆபீஸ்ல நான் சொன்னது அத்தினியும் நெசம். அதான் தலைய நிமித்திக்கினு வெளிய வந்தேன். பொய் சொல்லிட்டு எப்டிடா வர்றது?'ன்னாரு."

தலையை நிமிர்த்திக்கொண்டு. நான் பக்கத்திலேயே இருந்தேன், நைனா. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உன் வெட்கம் என்று நினைத்து இத்தனை வருடம் உனக்கும் சேர்த்து நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதில் உன் பங்கு எதுவுமே இல்லை, எல்லாம் என்னுடையதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை இறக்கி வைக்க இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.