பதினான்காம் கேள்வி

2025 ஜனவரி 7, செவ்வாய்

ஒருவழியாகத் தலைப்புக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. மதுரை அப்பள ஏற்றுமதியும் வெளிநாட்டு வாங்குநர்களின் விலைப் போக்கும். எம்.ஏ. பன்னாட்டு வணிகப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டில் ஒருத்தி அப்பளத்தைப் பற்றி எழுதப்போகிறாள் என்று வகுப்பே சிரித்தது. சூர்யபிரகாஷ் மின்சாரக் கார் பற்றி எழுதுகிறான். "ஆயிஷா, ஒன் ஆய்வ எண்ணெய்ல போட்டா பொரிஞ்சிரும்ல" என்றான். பல்லைக் காட்டட்டும். அவன் வீட்டில் யாரும் கார் ஏற்றுமதி செய்யவில்லை. என் அத்தா தெற்குவாசலில் கம்பெனி வைத்து, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மலேசியாவுக்கு அப்பளம் அனுப்புகிறார்.

வீட்டில் சொன்னேன். "நம்ம யாவாரத்துல படிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார் அத்தா. ஆனால் முகம் மலர்ந்துபோனது. அப்போதே உட்காரவைத்து எல்லாப் பார்ட்டிகளின் போன் நம்பரையும் சொல்லிவிட்டார்.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஈப்போவிலிருந்து நல்லகாமன் மாமாவின் போன். எல்லா வெள்ளியும் இப்படித்தான். அத்தாவும் அவரும் இளவட்டமாக இருந்தபோது கீழமாசி வீதியில் ஒரே பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தவர்கள். மாமா அலங்காநல்லூர்ப் பக்கம். மலேசியா போனவருக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்று அத்தா ஒரு பெட்டி அப்பளம் அனுப்பினார். அந்தப் பெட்டிதான் வியாபாரமானது. இன்றைக்கு எங்கள் சரக்கில் பாதி அவர் கடைகளுக்குத்தான் போகிறது.

அரை மணி நேரம் பேசினார்கள். முட்டிவலி, ஜல்லிக்கட்டு, யாரோ ஒரு முத்துப்பாண்டியின் இரண்டாம் கல்யாணம். வியாபாரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விலை எப்போதுதான் பேசுவீர்கள் என்று கேட்டேன். "வருசத்துக்கு ஒருக்கா நான் சொல்லுவேன். அவன் சரிம்பான். மாப்ளகிட்ட என்னம்மா பேரம்?" என்றார்.

இதை எந்த மாதிரியில் சேர்ப்பது? பாடப்புத்தகத்தில் இந்தச் சந்தைக்குப் பெயரே இல்லை.

ஜனவரி 22

வாங்குநர்களுக்கு அனுப்பும் கேள்வித்தாள் தயார். வழிகாட்டி தமிழ்வாணி மேடம் பதினான்காவது கேள்விதான் ஆய்வின் உயிர் என்றார். 'வேறொருவர் எத்தனை சதவீதம் விலை குறைத்துக் கொடுத்தால் அவரிடம் மாறுவீர்கள்?' மூன்று, ஐந்து, எட்டு, பத்துக்கு மேல். ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

விற்கிறவர்களிடம் கேள்விகளைக் காட்டக் கூடாது, பதில்கள் கலங்கிவிடும் என்றும் சொன்னார். அதனால் அத்தாவிடம் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. நல்லகாமன் மாமா தாளை அச்சடித்து, பேனாவால் டிக் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பதினான்கில் மட்டும் டிக் இல்லை. பக்கத்தில் கோணல் எழுத்தில், 'சிஹாபு சொல்றதுதான் ரேட்டு. இதுல மாற என்ன இருக்கு?'

சிஹாபு என்றால் அத்தா. சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வகுப்புத் தோழி ஆர்த்திகாவிடம் காட்டி இரண்டு பேரும் சிரித்தோம்.

பிப்ரவரி 4

மேடம் சிரிக்கவில்லை. "இதை விடுபட்ட பதிலாகத்தான் எடுக்க முடியும் ஆயிஷா. பெரிய வாங்குநர் வேற. திருப்பிக் கேளு" என்றார்.

மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'மாமா, ஏதாவது ஒன்றை டிக் செய்தால்தான் கணக்கில் வரும். சும்மா ஒரு கற்பனைக்குத்தான்.' உடனே குரல் செய்தி: "சரி தாயி, ஒனக்காக."

பிப்ரவரி 8

மாமா ஐந்தை டிக் செய்து அனுப்பிவிட்டார். கூடவே குரல் செய்தி. "எனக்கு இதெல்லாம் வராது தாயி. விக்ரமக் கேட்டேன். அவன் கணக்குப் படிச்சவன்ல, நாலு எடத்துல ரேட்டு விசாரிச்சுட்டு அஞ்சுன்னு போடச் சொன்னான்." விக்ரம் அவர் மகன்.

தரவு முழுமை. மாமாவுக்கு ஒரு இதயம் அனுப்பினேன். நிம்மதி.

பிப்ரவரி 21, வெள்ளி

மாமாவின் போன் வந்தது. அத்தா வழக்கம்போல் "சொல்லு மாப்ள" என்று ஆரம்பித்தார். பிறகு பேச்சே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி... சரிப்பா... அதுக்கென்ன" என்று வைத்துவிட்டார். அம்மா என்னவென்று கேட்டாள்.

"அஞ்சு பர்சன்ட் கொறைக்கச் சொல்றான்."

உளுந்து விலை ஏறிக்கிடக்கிறது. வேறு எல்லாருக்கும் ஏற்றிவிட்டு, மாமாவுக்கு மட்டும் ஏற்றாமல் இருந்தார் அத்தா.

"என்ன சொன்னீங்க?"

"குடுத்துட்டேன். அவன் வாயத் தொறந்து கேக்குற ஆளே இல்லம்மா. என்னமோ கஷ்டத்துல இருக்கான். மானஸ்தன், சொல்லமாட்டான்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 22

ஐந்து. நான் எழுதிக் கொடுத்த ஐந்து. பத்துக்கு மேல் என்று டிக் போட்டிருந்தால் பத்து கேட்டிருப்பாரா? ஏன் திருப்பி அனுப்பினேன்? ஒழுங்கா ஒரு பதில் சொன்ன மனுசன விடாம நோண்டி நோண்டி... எனக்கெதுக்கு இந்த வேலை?

மார்ச் 6

நோன்பு ஆரம்பித்துவிட்டது. கஞ்சி ஊற்றும்போது அம்மா சொன்னாள்: "ஒங்க அத்தா நோன்பு தொறக்கையில தெனமும் அந்த மாமாவுக்காகத்தான் துஆ கேக்குறாரு. அவருக்கு நஷ்டம் தீரணுமாம்."

சொல்லிவிடுவது என்று கம்பெனிக்குப் போனேன். மொட்டை மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. அத்தா பாக்கெட் போடும் முத்துமீனா அக்காவிடம், பாக்கெட்டுக்கு ஒரு அப்பளம் குறைத்துப் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார். "வேணாம்ண்ணே, பேரு கெட்டுரும்" என்றார் அவர். "அதுவுஞ்சரிதான்" என்று அத்தா விட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, படிப்புக்கு ஏதும் வேணுமா?" என்றார்.

ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். எப்படிச் சொல்வது? மாமாவுக்குக் கஷ்டம் என்று நம்புகிறவரை அவர் மனதில் மாமா பழைய மாப்ளையாகவே இருக்கிறார். கஷ்டமே இல்லை, என் தாளில் இருந்த ஒரு எண்தான் என்று சொன்னால் அதுவும் போய்விடும்.

மார்ச் 14

தாங்க முடியாமல் மேடத்திடம் சொன்னேன். கண்கள் பளிச்சிட, "அளக்கப்போனதாலேயே அளக்கப்பட்டது மாறிப்போச்சு. அருமையான விஷயம். பெயரைப் போடாம முடிவுரையில எழுது, தேர்வாளருக்குப் பிடிக்கும்" என்றார்.

நல்லவர்தான் அவர். எனக்காகத்தான் சொன்னார்.

எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். நன்றாகவும் வந்திருக்கிறது, அதுதான் வெட்கக்கேடு.

மார்ச் 23, ஞாயிறு

துணிந்து மாமாவுக்குப் போன் போட்டேன். ஏதாவது கஷ்டமா மாமா என்று கேட்டேன். சிரித்தார்.

"கஷ்டமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. புதுசா ஒரு கோடவுன் எடுத்துருக்கோம்."

"அப்புறம் ஏன் மாமா அத்தாகிட்ட..."

"நீ கேட்டப்பெறகுதான் நானே நெனச்சுப் பாத்தேன். சும்மா கேட்டுப் பாப்போம்னு கேட்டேன். ஒங்க அத்தா முடியாதுன்னு சொல்லியிருந்தா விட்டுருப்பேன். கேட்ட ஒடனே குடுத்துட்டான்ல?" கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப அதுல எடம் இருந்துருக்குல்ல தாயி. இத்தன வருசமா நான் கூடக் குடுத்துருக்கேனோ என்னமோ..."



நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்று நினைத்துத்தான் அத்தா கொடுத்தார் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் எல்லாம் நேராகியிருக்கும். நான் "சரி மாமா, வைக்கிறேன்" என்றேன்.

ஏன்? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். சொன்னால் அவர் அடுத்த நிமிடம் அத்தாவைக் கூப்பிடுவார். அத்தா, 'அந்த ஆய்வும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்? ஆய்வேட்டை இன்னும் மூன்று வாரத்தில் கொடுக்க வேண்டும். நான் என் மார்க்கைத்தான் நினைத்தேன்.

மார்ச் 31

பெருநாள். மாமாவின் போன் வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாராம். "பாவம், பேசக்கூட மனசு சரியில்ல போல" என்றார் அத்தா.

ஏப்ரல் 16

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நன்றியுரையில் அத்தாவின் பெயர் முதலில்.

ஏப்ரல் 29

வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பதினான்காம் கேள்வியைப் பற்றி மட்டுமே கேட்டார். பாராட்டினார். ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். பாஸாகாத பிள்ளை என்று நினைத்து ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மே 14, புதன்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நல்லகாமன் மாமா ஊருக்கு வந்திருக்கிறார். இன்று மதியம் விக்ரமோடு வீட்டுக்கு வந்தார். அத்தா காலையிலேயே கறிக்கடைக்குப் போய்வந்துவிட்டார். வாசலில் மாமாவைக் கட்டிப்பிடித்து, "எளைச்சுப் போயிருப்பன்னு நெனச்சேன், தொந்தி போட்டுருக்கியேடா" என்றார். மாமா நன்றாகத்தான் இருந்தார். புதுச் சட்டை, புது வாட்ச்.

சாப்பிடும்போது அத்தா குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, இப்பவாச்சும் சொல்லு. என்ன கஷ்டம் ஒனக்கு?"

மாமாவுக்குப் புரியவில்லை. "எனக்கென்னடா கஷ்டம்? நீ வேற. எல்லாம் ஒம் மக புண்ணியம். அந்தப் பிள்ள ஒரு கேள்வி கேட்டுச்சு பாரு, அதுதான் எங்கண்ணத் தொறந்துச்சு. இப்ப எல்லாச் சரக்குக்கும் விக்ரம் அப்படித்தான் ரேட்டு பாக்குறான்." என் பக்கம் திரும்பி, "நல்லாப் படி தாயி" என்றார். கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னார்.

அத்தா என்னைப் பார்த்தார். பிறகு, "சாப்புடு, கறி ஆறுது" என்று மாமாவின் தட்டில் இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பின் விக்ரம் ஒப்பந்தத்தை எடுத்தான். சரக்கு முன்பைவிட ஒன்றரை மடங்கு. விலை குறைத்ததுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பேசலாம். வாழ்க்கையில் முதல்தடவையாக இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் போனபின் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா முதலில் எழுதியதையும் சொன்னேன். அத்தா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "சிஹாபு சொல்றதுதான் ரேட்டு, இதுல மாற என்ன இருக்கு."

"அத ஏம்மா வேணாம்னு திருப்பி அனுப்புன?"

"அது கணக்குல வராதுத்தா."

வைவார் என்று நினைத்தேன். வையவில்லை. "நீ கேட்டது கேள்விதானம்மா. பதில் சொன்னது அவன்ல" என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். இதற்கு வைதிருக்கலாம்.

மே 23, வெள்ளி

ஜும்ஆவிலிருந்து அத்தா நேராகக் கம்பெனிக்குப் போய்விட்டார். சாப்பாட்டைக் கொடுத்தனுப்பச் சொன்னார். மாமாவின் போனுக்காக உட்காரவில்லை.

ஜூன் 20

ரிசல்ட் வந்துவிட்டது. துறையில் முதலிடம். தமிழ்வாணி மேடம் போன் செய்து, பிஎச்.டி.க்கு இதே தலைப்பைப் பெரிதாக எடுக்கலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அத்தா தெருவெல்லாம் அல்வா கொடுத்தார். பள்ளிவாசலில் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம். நடிப்பில்லை, உண்மையிலேயே பெருமைதான். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஆகஸ்ட்ல ரேட்டு மாத்திப் பேசலாம்ல? அந்த ஈப்போ பார்ட்டிக்கு எம்புட்டு வரைக்கும் ஏத்துனா வேற ஆளுகிட்ட ஓடமாட்டான்? ஒம் படிப்புல அதுக்குக் கணக்கு இருக்குல்ல?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் ஏதும் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். எந்த மாணவரும் இவ்வளவு கவனமாக உட்கார மாட்டார்.

"அவரு அஞ்சுன்னு சொல்லியிருக்காருத்தா. நாலு வரைக்கும் ஏத்தலாம்."

"அப்ப நாலு போடு" என்றார் அத்தா.

போட்டேன்.