பதினேழாம் குழிக்கு ஒரு சாண் முன்னால்

என் அருமை மாப்பிள்ளை பெருமாளுக்கு,

எழுதுவதென்றால் எனக்கு எவ்வளவு சோம்பல் என்று உனக்குத் தெரியும். நீச்சல் குளத்து நோட்டில் குளோரின் அளவைக் குறிப்பதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். அதையே கோழிக் கிறுக்கல் என்று கேலி செய்தவன் நீ. அப்படிப்பட்டவன் இன்று பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை ஒன்பது வருடம் தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷனே இல்லை.

முதலில் நாம் வேலை பார்த்த கோல்ஃப் கிளப்பின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கடலைப் பார்த்த சாப்பாட்டு மண்டபத்துக்குச் சுற்றிலும் கண்ணாடி. லாக்கருக்குச் சாவி கிடையாது, முகத்தைக் காட்டினால் திறக்கிறதாம். என் குளத்தை விளிம்பில்லாத குளமாக மாற்றிவிட்டார்கள். கடலும் குளமும் ஒன்றாகத் தெரியுமாம். நம் கடல் சேற்று நிறம், குளம் நீல நிறம், இரண்டும் எப்படி ஒன்றாகத் தெரியும் என்று மட்டும் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

கோல்ஃப் ஆடுவதற்கென்று ஏசி அறை ஒன்றும் வந்திருக்கிறது. சுவரில் படம் ஓடும், அதைப் பார்த்துப் பந்தை அடிக்க வேண்டும். கொசு இல்லை, வெயில் இல்லை, பனி இல்லை. பனி இல்லாத கோல்ஃபை நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஏனென்றால் பனிதான் உன் வேலை. விடிவதற்கு முன் கிள்ளானிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் போவோம், நம் இருவருக்கும் நடுவில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் சூடாக இருக்கும். நான் குளத்துக்குப் போவேன், நீ நீளக் கம்பை எடுத்துக்கொண்டு கிரீனுக்குப் போவாய். குழியும் கொடியும் இருக்கும் அந்த வழவழப்பான புல்லின் மேல் கம்பை இப்படியும் அப்படியும் வீசி, பனியைத் தட்டிவிட்டுத்தான் புல் வெட்ட வேண்டும். பதினெட்டு கிரீன், இருபத்திரண்டு வருடம். இப்போது மெம்பர்கள் ஏறிப் போகும் பக்கி வண்டிகள் இரண்டுக்கு நடுவில் ரப்பர் குழாயைக் கட்டி இழுத்துவிடுகிறார்கள். உன் கம்பை நான்தான் ஸ்டோரில் எடுத்து வைத்திருக்கிறேன்.

தட்டுவதற்கு முன் நீ கிரீனின் ஓரத்தில் ஒரு நிமிடம் நிற்பாய். பனியின் மேல் கிடக்கும் தடங்களைப் பார்த்து, "உடும்பு ஒண்ணு போயிருக்கு. குரங்கு ரெண்டு. இது யாரோ செருப்பு போட்டவன், நொண்டியிருக்கான் பாரு" என்பாய். சாயங்காலம் விசாரித்தால் செக்யூரிட்டிக்குக் காலில் சுளுக்கு என்று தெரியவரும். எனக்கு அதெல்லாம் வெறும் ஈரப் புல்தான்.

நீ எனக்கு மாப்பிள்ளையான கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு தினம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாய். என்னைத்தான் பார்க்க வருகிறாய் என்று இரண்டு வருடம் நம்பினேன். நீ பார்க்க வந்தது என் தங்கச்சி கமலாவை என்பது, அவள் அண்ணனைத் தவிர நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் மெம்பர்களுக்கு விடுமுறை, பதினோரு மணிவரை ஊழியர்கள் ஆடிக்கொள்ளலாம். யாரோ ஒரு மெம்பர் வேண்டாமென்று கொடுத்த ஏழாம் நம்பர் மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு நீ பதினெட்டுக் குழியும் சுற்றுவாய். நான் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு முனகியபடி வருவேன். அன்று மட்டும் யாரும் பனியைத் தட்டமாட்டார்கள். உனக்கும் அன்று லீவுதானே.

கட்டடத்துக்குள் போகும் வழியில் அந்தப் பலகை இருந்தது. ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவர்களின் பெயர்கள், தங்க எழுத்தில். டத்தோ பட்டக்காரர்கள், டாக்டர்கள், கம்பெனி முதலாளிகள். சேற்று பூட்ஸோடு கம்பளத்தில் நடக்கக் கூடாது என்பதால் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன் நிற்பாய். எத்தனை தடவை படித்தாலும் உனக்குச் சலிக்காது.

இனிமேல்தான் உன்னிடம் சொல்ல வேண்டியது வருகிறது.

அந்தத் திங்கட்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். பதினேழாவது குழி. கடலோரச் சேற்றில் நிற்கும் பாக்காவ் மரங்களின் நிழலில், மேட்டுக்கு அந்தப் பக்கம் கிரீன்; அங்கே பனி காய நேரமாகும். அடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கொடியின் தலை மட்டும் தெரியும். அடித்தாய். பந்து நேராகப் போய் மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. உனக்கு முழங்கால் வலி, மெதுவாக நடந்தாய். நான் பையோடு முன்னால் போய் மேட்டில் ஏறிப் பார்த்தேன். பந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது.

மாப்பிள்ளை, நான் காலால் தட்டிவிட்டேன்.

விளையாட்டுக்குத்தான். இரண்டு நிமிடம் உன்னை ஆட்டம் காட்டிவிட்டு, "ஏமாந்தியாடா" என்று சொல்லிச் சிரிக்கத்தான். கையை ஆட்டிக் கூப்பிட்டேன். "டேய், விழுந்துருச்சுடா" என்று கத்தினேன். நீ மட்டையைக் கீழே போட்டுவிட்டு, வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாய். கிரீனில் கால் வைத்ததும் நின்றாய். பிறகு மெதுவாக நடந்து குழியருகே மண்டியிட்டு உட்கார்ந்தாய். ரொம்ப நேரம் எழுந்திருக்கவேயில்லை. நீ சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்தேன். அதன் பிறகு எப்படிச் சொல்வது?

எழுந்து வந்து என் தோளில் கை போட்டாய். "நீதான் பார்த்தியா மச்சான்?" என்றாய். நான் ஆமாம் என்றேன்.

அந்த ஆமாம்தான் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. சாட்சி இல்லாத அடி செல்லாது, சாட்சி நான். அன்றைய மேனேஜர் நல்ல மனுஷர், ஊழியன் பெயரும் பலகையில் வரட்டும் என்று தானாகவே சொல்லிவிட்டார். குழியில் போட்டவன் எல்லோருக்கும் விருந்து வைப்பது கிளப் வழக்கம். நீ நம் ஊழியர் கேண்டீனில் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாய். சமையல்காரர்களும் தோட்டக்காரர்களும் வரிசையாகப் போய் டத்தோக்களுக்குக் கீழே உன் பெயரைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் மட்டும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு உனக்குப் பேராசை வந்துவிட்டது என்று நினைத்தேன். திங்கட்கிழமைகளில் பதினெட்டுக் குழி சுற்றுவதை விட்டுவிட்டாய். நேராகப் பதினேழுக்குப் போவாய். பத்து, இருபது பந்து, வெயில் ஏறும்வரை அடிப்பாய். "ஒண்ணு போட்டாச்சுல்ல, இன்னும் என்னடா" என்று கேட்பேன். சிரித்துவிட்டு அடுத்த பந்தை வைப்பாய்.

போன மாதம் புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பெயர் வித்யா, பூச்சோங் பொண்ணு, கெட்டிக்காரி. புதுக் கட்டடத்துக்குப் புதுப் பலகை செய்கிறார்கள். பழைய பெயர்களுக்கெல்லாம் பேப்பர் இருக்கிறது, உனக்கு மட்டும் இல்லை. ஒரு ஃபார்மை என் முன் வைத்தார்.

"அங்கிள், நீங்கதான் விட்னெஸ்னு எல்லாரும் சொல்றாங்க. பந்து உள்ள போனத பார்த்தேன்னு ஒரு சைன் போட்டா போதும் லா. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க. இல்லன்னா பேரை விட்டுருவாங்க."

அந்த ஒரு வாரம் என்ன பாடுபட்டேன் தெரியுமா? கையெழுத்துப் போட்டால் செத்துப்போன உன் தலையில் என் பொய்யை மறுபடியும் ஏற்றுகிறேன். போடாவிட்டால் கிளப்பில் உனக்கென்று இருக்கும் ஒரே அடையாளத்தை நானே அழிக்கிறேன். குளத்தில் குளோரினை இரண்டு தடவை போட்டுவிட்டு, மெம்பர்களிடம் திட்டும் வாங்கினேன்.

வியாழக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். கமலா இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறாள், எட்டாவது மாடி. தே தாரே டீ போட்டுக் கொடுத்தாள். நான் ஃபார்மை மேசையில் வைத்து, அவள் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சாண், கால், ஆமாம் என்ற பொய், எல்லாம்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அவருக்குத் தெரியும்ண்ணே."

"என்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். வீட்டுக்கு வந்து சட்டைய கூட கழட்டல, சொல்லிட்டாரு. பந்து உருண்ட கோடு பனியில இருந்துச்சாம். குழிக்கு ஒரு சாண் முன்னால அந்தக் கோடு நின்னு போச்சாம். பக்கத்துல ஒன் செருப்புத் தடம். அங்கேருந்து இன்னொரு சின்னக் கோடு குழிக்குள்ள போகுதாம்."

பெருமாள், இருபத்திரண்டு வருடம் பனியைப் படித்தவனிடம் பனியின் மேலேயே திருட்டுத்தனம் செய்திருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாளை நீ வேறெங்கே பார்த்திருப்பாய்? நீ மண்டியிட்டது கும்பிட இல்லை. என் பொய்யைப் படித்துக்கொண்டிருந்தாய்.

"தெரிஞ்சும் ஏன் கமலா ஒண்ணும் சொல்லல?"

"மேனேஜர்கிட்ட சொல்லிறலாம்னு ஆபீஸ் கதவு வரைக்கும் போனாராம். சொன்னா ஒன்ன பொய் சாட்சின்னு வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு திரும்பி வந்துட்டாரு. அப்புறம் ஒன்கிட்டயாச்சும் சொல்லுங்கன்னு நானும் கேட்டுப் பார்த்தேன். 'இரு கமலா, நெசமாவே ஒண்ண போட்டுர்றேன். அதுக்கப்புறம் அவன்கிட்ட சொன்னா ரெண்டு பேரும் சிரிச்சுக்கலாம்'னாரு. அதுக்குத்தான் திங்கக்கிழம தவறாம போனாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில், தங்கச்சி முன்னால், கையில் முறுக்கோடு அழுதேன். நான் பேராசை என்று நினைத்த ஒவ்வொரு பந்தும் என் பொய்யை உண்மையாக்க நீ அடித்தது. எட்டு வருடத்துத் திங்கட்கிழமைகள். எத்தனை பந்து இருக்கும்? பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்று, வெயிலாக இருக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தேனே.

"பேரு போயிருமே கமலா" என்றேன்.

"போவட்டும். அந்தப் பலகைய நான் ஒரு தடவ கூட வந்து பாக்கல, தெரியுமா ஒனக்கு?"

மறுநாள் ஃபார்மில் கோழிக் கிறுக்கலில் எழுதினேன்: பந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, நான் காலால் தள்ளினேன், பெருமாளுக்கு இதில் பங்கில்லை. வித்யா படித்துவிட்டு ஃபார்மை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"அங்கிள், இத எழுதாம இருந்திருக்கலாமே. ஃபார்ம் காணோம்னு நான் சமாளிச்சிருப்பேன்."

"ஒன்பது வருஷமா அப்படித்தான்மா சமாளிச்சேன்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, வேலை போகவில்லை. அப்படியானால் அன்றே சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. புதுப் பலகையில் உன் பெயர் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் போன திங்கட்கிழமை உன் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்துக்கொண்டு பதினேழுக்குப் போனேன். வித்யாவிடம் அனுமதி வாங்கி கமலாவையும் கூட்டிப்போனேன். அவள் ஃபிளாஸ்க்கோடு மேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் தண்ணீரில் மிதக்கிறவன், எனக்குக் கோல்ஃப் வருமா? முதல் பந்து பாக்காவ் சேற்றுக்குள் போனது. இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவது எப்படியோ கிரீனில் விழுந்து உருண்டது. பழக்கதோஷத்தில் முன்னால் ஓடப் பார்த்தேன்.

"அண்ணே, ஓடாத. நில்லு. நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் உன் பெண்சாதி.

பந்து குழிக்குப் பத்தடி தூரத்தில் கிடந்தது. பனியில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அதன் பக்கத்தில் யார் காலடியும் இல்லை. நீ மண்டியிட்ட இடத்தில் நானும் மண்டியிட்டு அதைப் பார்த்தேன். முதல் தடவையாக எனக்கும் பனியைப் படிக்க முடிந்தது.

இனி என் திங்கட்கிழமைகள் உன்னுடையவை, மாப்பிள்ளை. உடம்பில் தெம்பு இருக்கும்வரை பதினேழில் அடிப்பேன், பந்துக்குப் பின்னால்தான் நடப்பேன். விழுந்தால் அன்றே உனக்கு எழுதுகிறேன், நீ சொன்னபடி ரெண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம். ஒரு சாண் குறைந்தால், ஒரு சாண் குறைந்தது என்றே எழுதுவேன்.

உன் கமலாவின் அண்ணன்,
உன் மச்சான் சேகர்