குறையும், குறையலாம்

மார்ச் 4, செவ்வாய்

கரன்ட் பில் வந்தது. போன வருடம் இதே மாதத்தைவிட இரண்டு யூனிட்தான் குறைவு. மாடியில் பன்னிரண்டு சோலார் பேனல்கள் ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கின்றன. நான்தான் தப்பாகப் படிக்கிறேனா? வீட்டுக்காரரிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய பில்லா இருக்கும்" என்றார். தேதி இந்த மாதத்துடையதுதான்.

மார்ச் 8, சனி

எலக்ட்ரீஷியன் மாடி ஏறிப் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டார். "பக்கத்து அடுக்குமாடி நிழல் மத்தியானம் வரைக்கும் இங்கதான் படுத்திருக்கு. இந்த இடத்துல யாரும்மா மாட்டச் சொன்னது?"

யார் சொன்னது? பச்சைப் பையோடு வந்த அந்த விற்பனைக்காரப் பெண். வாய்க்கு வாய் அக்கா என்று... மாடியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாளே. நிழல் எனக்குத்தான் தெரியவில்லை, அவளுக்குமா?

மார்ச் 12, புதன்

கம்பெனிக்குப் போன் செய்தால் பாட்டுதான் பாடுகிறது.

மார்ச் 20, வியாழன்

பதில் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் "கட்டணம் பாதி வரை குறையலாம்" என்றுதான் இருக்கிறதாம். கீழே என் கையெழுத்து. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் எண்பது குழாய்களில் பெயர் சரிபார்த்து ஒட்டுகிறேன்; ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புகிறவள். சொந்த வீட்டுக் காகிதத்தைப் படிக்கவில்லை.

அவள் "குறையும்" என்றாள். சொன்னாளா? இல்லை, நான்தான் அப்படிக் காதில் வாங்கிக்கொண்டேனா? நினைத்து நினைத்துப் பார்த்ததில் இப்போது இரண்டுமே அவள் குரலில் கேட்கின்றன.

ஏப்ரல் 3, வியாழன்

நுகர்வோர் குறைதீர் அலுவலகம் போனேன். அதிகாரி அம்மா பொறுமையானவர். "அவங்க சொன்ன வார்த்தை என்ன, அப்படியே சொல்லுங்க." உளறினேன். "வீட்டுக்காரர் கூட இருந்தாரா?" இருந்தார் — டிவி பார்த்துக்கொண்டு. ஆதாரம் கொண்டுவரச் சொன்னார். இழப்பீடு கேட்கப் போனவள், திருடி மாதிரித் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பின்வீட்டு டீச்சர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே பேனல், அதே நிழல். போடச் சொன்னது நான். "டீச்சர்" என்றேன். துணியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நானும் ஏமாந்தவதானே? எம்மேல என்ன கோபம்? — ஆனால் அவரிடம் நான் என்ன சொல்லித் தொலைத்தேன்?

ஏப்ரல் 9, புதன்

டீச்சரே வந்தார். உட்காரவில்லை. "ஆதாரம் கேக்கறாங்களாமே? உங்க வீட்டுக்காரர் கடையில சொன்னார்" என்று போனை எடுத்து, போன ஜூலையில் நான் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டார். என்னவொரு உற்சாகம் எனக்கு! "டீச்சர், நீங்களும் போட்டுடுங்க, பில் கண்டிப்பா பாதியாகிடும்!" பின்னால் அந்த விற்பனைக்காரப் பெண்ணின் குரல்: "பாதிக்கு நான் கேரண்டின்னு சொல்லுங்கக்கா. நிழலெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

நிழல்! அப்படியானால் நான் கேட்டிருக்கிறேன். கேட்டதுகூட நினைவில்லை.

"ஒரு நாள் உங்களைத் திட்டணும்னுதான் இதை அழிக்காம வெச்சிருந்தேன்."

"திட்டுங்க டீச்சர்."

"அப்புறம் திட்டறேன். முதல்ல அந்த ஆபீஸ்ல போய்ப் போட்டுக் காட்டுவோம். நானும் புகார் எழுதறேன்."

அவர் போனபின் அழுதேன். நிம்மதியா, வெட்கமா, தெரியவில்லை.

மே 9, வெள்ளி

விசாரணை. செய்தியை மூன்று தடவை போட்டார்கள். கம்பெனி வக்கீல், "டீச்சருக்கு வாக்குக் கொடுத்தது இந்தம்மாதான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா, நான்தான் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வெளியே வந்து, "இப்ப நான் சாட்சியா, குற்றவாளியா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், பசிக்குது" என்றார். டீச்சர் சிரித்துவிட்டார்.

மே 27, செவ்வாய்

கம்பெனி ஆள் சமரசக் காகிதத்தோடு வந்தார். முழுப் பணமும் எனக்குத் திரும்ப வரும். ஒரே நிபந்தனை, டீச்சருக்காக இனி நான் சாட்சி சொல்லக்கூடாது. "வாங்கிட்டு விடு, தலைவலி தீரும்" என்றார் வீட்டுக்காரர். இரண்டு முறை வரிவரியாகப் படித்தேன். பேனாவை மூடி அந்த ஆளிடமே கொடுத்துவிட்டேன். செய்தது சரியா?

ஜூன் 21, சனி

தீர்ப்பு போன வாரம் இரண்டு வீட்டுக்கும் சாதகமாக வந்தது. பேனல்களைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இழப்பீட்டை மட்டும் குறைத்துவிட்டார்கள். ஏன் என்று மூன்று தடவை படித்தும் புரியவில்லை.

இன்று காலை டீச்சர் வீட்டில் இறக்க ஆரம்பித்தார்கள். எங்கள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க நின்னு என்ன வேடிக்கை? இங்க வந்து எண்ணுங்க, பத்தா பதினொண்ணான்னு எனக்குக் குழப்பமா இருக்கு" என்று டீச்சர் கத்தினார்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன்.