சிவப்பு நூல் தைத்த குல்லாய்

1920 ஜனவரி 12, திங்கள்

கடையைத் திறக்குமுன்பே வாசலில் பதினோரு வெறுந்தலைகள். நேற்றுக் கால்பந்தாட்டத்தில் எங்கள் ஊர் உர்பானோ மூன்று கோல் போட்டிருக்கிறான். கோல் விழுந்தால் பில்பாவோ ஆண்கள் குல்லாயைக் கழற்றி மைதானத்துக்குள் வீசுவார்கள். ஆட்டம் முடிந்ததும் சேற்றில் கிடப்பதையெல்லாம் ஒரு கூடையில் அள்ளி வாசலில் வைப்பார்கள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வட்டம். எவனுடையது எது? பாதிப் பேர் கிளறிப் பார்த்துச் சலித்துப்போய்ப் புதுக் குல்லாய் வாங்க என்னிடம் வருகிறார்கள்.

எதிர்க்கடைக் கருவாட்டு வியாபாரி ஃபெலிசியானோ தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "தோமசாம்மா, அந்தப் பையன் பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தக் கூடாதா? உங்க கடைக்குன்னே பொறந்தவன்!"

ஏற்றலாம்தான். நான் தனியாளாக எழுப்பிய கடை இது. விளம்பரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

ஜனவரி 15

விளம்பரம் இன்று கடைக்கே வந்துவிட்டது.

உர்பானோ. கப்பல் கம்பெனியில் எழுத்தர் வேலை, இருபத்து மூன்று வயது, எலும்பும் தோலும். நெற்றியில், பந்தைத் தலையால் முட்டி அதன் தையல் வார் கிழித்த தழும்பு. என் மகள் கஸில்டா அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தாள். அப்போதே புரிந்துவிட்டது.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா?"

"யாருப்பா உனக்கு அத்தை?"

"இன்னும் இல்லீங்க. அதத்தான் கேக்க வந்தேன், அத்தை."

தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கல்யாணம் கிடையாது, அதற்கு முன்பே வேண்டுமாம். ஐந்து வாரம்கூட இல்லை. முட்டி இரண்டும் கெஞ்சுகிறதாம், கல்யாணத்தோடு ஆட்டத்தை விட்டுவிடுவானாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசிக்க என்ன இருக்கிறது? பையன் நல்லவன். ஆனால் விட்டுவிடுவானாமே — கோப்பைப் போட்டி நடக்கிற நேரத்தில்!

ஜனவரி 18

சொல்லிவிட்டேன். கோப்பை முடியட்டும், மே மாதம் கல்யாணம். இவளுக்குத் துணிமணி தைத்தாகவில்லை, ஊர் உன்னை நம்பியிருக்கிறது என்று வாயில் வந்த காரணமெல்லாம் சொன்னேன்.

"ஊரா அத்தை நம்பியிருக்கு? உங்க அலமாரியா?"

கண்டுபிடித்துவிட்டான், படவா. சிரித்துக்கொண்டே சரி என்றும் சொன்னான்.

பிப்ரவரி 2, திங்கள்

ஒரு கோல். ஆறு குல்லாய்.

பிப்ரவரி 9

கஸில்டாவோடு சண்டை. உர்பானோ நெற்றித் தழும்பில் வார் படாமலிருக்கக் குல்லாயோடுதான் ஆடுவான். கோல் போட்டால் அதையும் வீசுவான். உள்பக்கம் சிவப்பு நூலில் இவள் ஒரு பெருக்கல் குறி தைத்துக் கொடுத்திருக்கிறாள். கூடைக்குள் கைவிட்டால் ஒரு நொடியில் எடுத்துவிடுகிறானாம்.

"எல்லாத்துக்கும் ஆளுக்கொரு நிறத்துல நூல் போட்டுக் குடுத்தா என்னம்மா?"

"குடுத்தா திங்கக்கிழமை நாம ஈ ஓட்டலாம்."

"தொலைச்சவங்க பாவம்மா."

"தொலைச்சாத்தாண்டி வருவாங்க!"

மார்ச் 8, திங்கள்

தவக்காலம். இறைச்சி விலக்கு, ஊரே கருவாடு தின்கிறது. ஃபெலிசியானோ முகத்தைப் பார்க்க வேண்டுமே! "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை, எனக்கு நாப்பது நாளு" என்கிறார். நேற்று கொட்டுகிற மழையில் உர்பானோவுக்கு இரண்டு கோல். ஜெயித்த சந்தோஷத்தில் ஆற்றங்கரையில் எல்லாருமாகச் சிப்பியை வேகவைக்காமல் பச்சையாகவே தின்றார்களாம்.

மார்ச் 19

உர்பானோவுக்குக் காய்ச்சல். மழையில் நனைந்ததுதான், வேறென்ன. பூண்டுச் சூப்பு கொடுத்தனுப்பினேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்திரிச்சிறச் சொல்லு" என்றும் சொல்லி அனுப்பினேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 23

மழையால் வந்ததில்லையாம். விஷக்காய்ச்சல் என்கிறார் டாக்டர். சிப்பியாக இருக்கலாமாம்.

மார்ச் 26

போய்ப் பார்த்தேன். கட்டிலில் ஆளே தெரியவில்லை. கண் மட்டும் பழைய கண்.

"அத்தை... திங்கக்கிழமை யாவாரம் படுத்திருச்சா?"

"வாய மூடுடா."

"யாருப்பா அத்தைன்னு இன்னிக்குக் கேக்கலியே?"

போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். "எந்திரிச்சு வா. ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரமே கல்யாணம். ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"அப்ப அலமாரி?"

"அது கெடக்குது."

சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்துவிட்டது.

மார்ச் 31

போய்விட்டான்.

ஏப்ரல் 3

ஐந்து வாரம் கேட்டான். நான் நாலு மாதம் சொன்னேன். ஒத்துக்கொண்டிருந்தால் ஆட்டத்தை விட்டிருப்பான். அந்த ஞாயிறு ஆற்றங்கரைக்குப் போயிருக்கவே மாட்டான், என் வீட்டு மேசையில் உட்கார்ந்து என்னைச் சீண்டிக்கொண்டிருந்திருப்பான்... அப்படித்தானா? அப்போதும் காய்ச்சல் வந்திருக்குமோ? யாரைப் போய்க் கேட்பேன்? கஸில்டா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் தேவலை.

ஏப்ரல் 12, திங்கள்

நேற்று முதன்முறையாக மைதானத்துக்குப் போனேன். கஸில்டாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். உர்பானோ இடத்தில் ஆடியவன் கோல் போட்டான். யாரும் வீசவில்லை. அத்தனை ஆண்களும் குல்லாயைக் கையில் கழற்றிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். கோல் போட்டவன் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் சுற்றிலும் பார்த்தான். கஸில்டா பைக்குள்ளிருந்து உர்பானோவின் குல்லாயை எடுத்தாள். ஓங்கி வீசினாள். அப்புறம் பறந்த குல்லாய்களில் வானமே கறுத்துவிட்டது.

இன்று வாசலில் முப்பது பேருக்குமேல். ஒருவனுக்கும் விற்கவில்லை. மைதானத்திலிருந்து கூடையைத் தூக்கி வரச்சொல்லி, சேற்றைத் தட்டி, ஒவ்வொரு தலையிலும் வைத்துப் பார்த்து அவனவனுடையதைத் தேடிக் கொடுத்தேன். கஸில்டா பக்கத்தில் உட்கார்ந்து நூல் போட்டாள். பச்சை, நீலம், மஞ்சள்.

ஃபெலிசியானோ ஓடி வந்தார். "தோமசாம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு? கடைய மூடப்போறீங்களா?"

"பேசாம உம்ம தலையக் காட்டும்."

மாலையில் கூடையில் ஒன்றுதான் மிச்சம். கடைசியாக வந்தவன் தன்னுடையது கிடைக்காமல் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது எனக்குச் சரியா இருக்கும்போல. காசு குடுத்தே வாங்கிக்கிறேன்."

"கீழ வைப்பா," என்றேன். "அது விக்கிறதுக்கில்ல. என் மருமகனோடது."