கட்டியை மட்டும்

ஆவணி 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மில்லுக்கு அரை நாள் லீவு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி. திண்டுக்கல்லில் எங்க கம்பெனி இன்சூரன்ஸ் செல்லுற இடம் அது ஒண்ணுதான். ஸ்கேன். கர்ப்பப்பையில் கட்டியாம். மாசா மாசம் இப்படி ரத்தம் கொட்டுறது அதனாலதான். புற்று இல்லை. அப்பாடா.
லேடி டாக்டர்: "கர்ப்பப்பையை எடுத்துரலாம்."
"கட்டியை மட்டும் எடுக்க முடியாதா டாக்டர்?"
"முடியும். உங்க பிளான்ல அது வராது. மொத்தமா எடுத்தா முழுசும் அவங்களே கட்டிருவாங்க."
எனக்கு வயசு முப்பத்திரெண்டு.
வர்றப்ப தக்காளி, இஞ்சி. பல்பு மறந்துட்டேன்.

ஆவணி 9, செவ்வாய்
மாமியாரிடம் சொன்னேன். "ரெண்டு பெத்தாச்சு. இனி அதை வச்சு என்ன செய்யப் போற? சும்மா எடுத்து விடுறாங்கல்ல?"
அத்தை கெட்டவங்க இல்லை. அவங்களுக்கும் எடுத்ததுதான். யாரும் கேக்கலையாம். வெங்காயம் உரிச்சுக்கிட்டே அவங்களே சொன்னாங்க.
இன்னொரு பிள்ளை எனக்கும் வேணாம். அதுக்காக? பல்லு வலிச்சா தாடையையா எடுப்பாங்க?

ஆவணி 10, புதன்
மில் ஆபீஸ். எச்.ஆர். சார் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்கலை. "குறைஞ்ச பிரீமியம் பிளான்மா. இருக்கறதுதான் கிடைக்கும்."
"இந்தப் பிளானை எடுக்கறப்ப எங்களைக் கேட்டீங்களா சார்?"
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.
சாப்பாட்டு நேரம் ஜெயராணியக்காகிட்ட சொன்னேன். பேக்கிங்கில் என் பக்கத்து மேசை. அக்கா சோத்துல வச்ச கையை எடுக்கவே இல்லை.
"எனக்கும் கட்டிதான்டி. அதே ஆஸ்பத்திரி. கட்டியை மட்டும் எடுக்கலாம்னே யாரும் சொல்லலை."
வெஞ்சனமா வச்ச பொரியல் அப்படியே கிடந்துச்சு.
முடிவு பண்ணிட்டேன். எடுக்க விட மாட்டேன்.

ஆவணி 12, வெள்ளி
வீட்டுக்காரர் போன். ஒட்டன்சத்திரத்துல லாரியில காய்கறி ஏத்திக்கிட்டுக் கேரளா போயிருக்கார். ஒரே ஹாரன் சத்தம். எல்லாம் சொன்னேன்.
"ஒன் ஒடம்பு. நீ சொல்றதுதான்." வண்டியை ஓரங்கட்டிட்டார் போல. "பயமா இருக்கா?"
"இருக்கு."
"எனக்கும்."

ஆவணி 15, திங்கள்
கவர்ன்மென்ட் பெரியாஸ்பத்திரி. வெயில். வரிசை வாசலைத் தாண்டி. இவங்களும் லேடி டாக்டர், சின்ன வயசு. ஸ்கேனை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க.
"கட்டியை மட்டும் எடுக்கலாம்மா. திரும்ப வந்தாலும் வரும். முதல்ல ரத்தம் ஏறணும். ஆபரேஷன்ல ரத்தம் நிக்கலைன்னா கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிரும். அதுக்கும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."
போட்டேன்.
மில்லுல சம்பளமில்லா லீவுதானாம். ஆகட்டும்.
வாங்க: முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல், பல்பு.

ஆவணி 31, புதன்
நாளைக்கு ஆபரேஷன். பிள்ளைகளுக்குத் தலை பின்னி விட்டேன், ரொம்ப இறுக்கிட்டேனாம். அத்தை தன் சேலையையும் என் பையில் வச்சாங்க. "நானும் வாரேன். மயக்கம் தெளியறப்ப ஆள் வேணும்ல."
அன்னிக்கு அவங்களுக்கு யார் இருந்தாங்க? கேக்கத் தோணுச்சு. கேக்கலை.

புரட்டாசி 3, சனி
உக்காந்தா தையல் இழுக்குது. கொஞ்சமா எழுதுறேன்.
கண்ணு முழிச்சதும் கேட்டேனாம்: "இருக்கா?"
"இருக்குடி. இருக்கு."
அழுதது நான் இல்லை. அத்தை.

புரட்டாசி 27, செவ்வாய்
தூறல். மில்லுக்கு இன்னைக்குத்தான் திரும்பப் போனேன். கேன்டீனில் கூட்டம். இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிறாங்களாம். எச்.ஆர். சார்: "அதே பிளான்தான். யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா?" வழக்கமா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டோம்.
எந்திரிச்சேன். "சந்தேகம் இல்லை சார். கட்டி வந்தா அதை மட்டும் எடுக்குற வைத்தியமும் பிளான்ல வேணும். அதுக்குத்தான் நான் சம்பளமில்லாம படுத்துக் கிடந்தேன்."
"உக்காந்து பேசுங்கம்மா. முடியாத உடம்பு."
"அவ நிக்கட்டும் சார்." பின்னாடி ஜெயராணியக்கா. அதுவும் எந்திரிச்சிருச்சு. இம்புட்டுச் சத்தமா அக்கா பேசி நான் கேட்டதே இல்லை. "எனக்கு எடுத்ததையும் சொல்லணும். எழுதிக்கங்க."
சார் சட்டைப்பையில் பேனா தேடினார்.