வெற்றுத் தாளில் என் கையெழுத்து

மே 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே மொட்டை மாடி கால் வைக்க முடியாமல் சுடுகிறது. கூழ் வடகம், இரண்டு வேட்டி நிறைய. காக்கைக்குப் பயம் காட்டக் கறுப்புக் குடை.

பதினோரு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து போன். ஒரு தனியார் பள்ளி. பெயர் இங்கே வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும். நாளை இயற்பியல் ஆசிரியர் பணிக்கு நேர்காணல். பாட நிபுணராக நான் வந்து உட்கார வேண்டுமாம். ஓய்வு பெற்று இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடம் கூப்பிடுகிறது. சந்தோஷம்தான், மறைப்பானேன்.

என் வீட்டுக்காரர் கோர்ட்டில் ஹெட்கிளார்க்காக இருந்தவர், எதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருப்பார். இன்று கேள்வி இல்லை. “போயிட்டு வா. ரெண்டு வருசமா எனக்கு மட்டும்தான் மார்க் போட்டுக்கிட்டு இருக்க. அதுலயும் இன்னும் பாஸ் ஆகல.”

நீலப் பருத்திப் புடவை இஸ்திரி. கண்ணாடி. பென்சில் 2. மாத்திரை.

மே 6, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

மேசையில் மூன்று பேர். தாளாளர், முதல்வர், நான். வந்திருந்தது ஐந்து பேர். காபி வைத்ததுமே குமாஸ்தா மதிப்பெண் பட்டியலை நீட்டினார். பாட அறிவு 40, கற்பிக்கும் முறை 40, இரண்டும் என் பொறுப்பு. பொது 20, அவர்கள் பொறுப்பு. கட்டங்கள் எல்லாம் காலி. “கீழ ஒரு கையெழுத்தும் போன் நம்பரும் போட்ருங்க டீச்சர். மார்க்கத் துண்டுச் சீட்டுல பென்சில்ல குறிச்சுக் குடுத்தா நான் பொறவு ஃபேர் காப்பி எடுத்துக்கிறேன். வெயிலுக்கு முந்தி நீங்க பஸ் ஏறிறலாம்ல.”

போட்டுவிட்டேன். யோசிக்கவே இல்லை. செய்முறைத் தேர்வுக்கு வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போன காலமெல்லாம் இதே வழக்கம். காலி தாளில் முதலில் கையெழுத்து, மதிப்பெண் பிறகு ஏறும், மதியச் சாப்பாடு, பஸ். யாரும் ஏமாற்றியதில்லை. ஏமாற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றுதான் தோன்றுகிறது.

மூன்றாவதாக வந்த பெண் மாரீஸ்வரி. எம்.எஸ்ஸி., பி.எட்., ஊர் சோழபுரம். பச்சைப் புடவை. விசையின் திருப்புத்திறன் நடத்தச் சொன்னேன். கரும்பலகைக்குப் போகாமல் நேராகக் கதவுக்குப் போனாள். தாளாளரைப் பார்த்து, “சார், செத்த நேரம் வர முடியுமா? கீல் பக்கமாக் கைய வச்சு இந்தக் கதவத் தள்ளுங்க.” சிரித்துக்கொண்டே எழுந்து போனார். தள்ளினார். முக்கினார். கதவு அசைவேனா என்றது. அவள் மறுகோடியில் ஒரே விரலை வைத்துத் தள்ளித் திறந்தாள். “விசை மட்டும் போதாது சார். எங்க நின்னு தள்ளுறோம்ங்கறதும் கணக்கு.” முதல்வர் கையே தட்டிவிட்டார். அதன் பிறகுதான் பலகையில் சூத்திரம். நான் இத்தனை வருடம் சூத்திரத்தை எழுதிவிட்டு எடுத்துக்காட்டுக்குப் போனவள். அவள் வரிசைதான் சரி.

அப்புறம் கேள்விகள்.

தாளாளர்: “சோழபுரத்துல எந்தத் தெரு?”

“ஸ்கூலுக்குப் பக்கம் சார்.”

“ஸ்கூலுக்கு எந்தப் பக்கம்? கிழக்கயா, மேக்கயா?”

அவள் அவரையே பார்த்தாள். “நீங்க கேக்கறது புரியுது சார். கிழக்கதான்.”

அவர் பேனாவை மூடினார். அவ்வளவுதான், நேர்காணல் முடிந்தது. மற்றதெல்லாம் சும்மா பேச்சு. கல்யாணம் ஆகவில்லையா? ஆகிவிட்டால் ஆறு மாதத்தில் போய்விடுவாயே? அப்பா என்ன செய்கிறார்? அம்மா மில்லில் வேலையா, ஷிப்டா? “நம்ம பிள்ளைக எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகம்மா. டீச்சர் யாரு, எங்க இருந்து வர்றாகன்னு வீட்ல கேப்பாக.” கடைசியில், “ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இங்கயே இருக்கட்டும், ரிசல்ட் சொல்லும்போது வாங்கிக்கிடலாம்.”

மற்ற நான்கு பேரிடம் தெரு கேட்கவில்லை. ஒரிஜினலையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

எந்தத் தெரு என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. மாற்றலாகிப் போன ஊரில் எல்லாம் வாடகைக்கு வீடு பார்க்கும்போது கேட்டிருக்கிறார்கள். என் பதில் வசதியான பதில். அதனால் உறைத்ததில்லை.

என் துண்டுச் சீட்டில் மாரீஸ்வரிக்கு 37, 38. ஐந்து பேரில் அதுதான் அதிகம். அடுத்தவருக்கு 29, 26.

மே 7, புதன்

இரவெல்லாம் புழுக்கம். வடகம் ஒரு பக்கம் காய்ந்தது. திருப்பிப் போட்டேன்.

மதியம் பள்ளி வேன் வந்து ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனது. பால்கோவா! ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா. இவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. “இனி நம்மூர் கோயில் தேரை அங்க இருந்து இழுத்துட்டு வந்தாலும் வருவாங்க.”

முதல்வருக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். யாரை எடுத்தீர்கள் என்றும் கேட்டேன். இரண்டாவதாக வந்த பையன், தாளாளரின் மைத்துனர் மகன். மாரீஸ்வரி என்ன ஆனாள்? முதல்வர் குரலைத் தாழ்த்தினார். “பாட அறிவுல பதினெட்டுதானே டீச்சர் இருக்கு.”

“நான் முப்பத்தேழு போட்டேன்.”

“ஷீட்ல உங்க கையெழுத்து இருக்கே டீச்சர்.”

போனை வைத்துவிட்டேன். நல்ல மனுஷி அந்த முதல்வர், கை தட்டியவள். அவளுக்கும் வேலை வேண்டும். எல்லோருக்கும் ஏதோ ஒன்று வேண்டும்.

பெட்டியைத் திறக்கவில்லை.

மே 8, வியாழன்

சிலிண்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை.

காலை பத்து மணி, புது எண். “டீச்சர், நான் மாரீஸ்வரி. சோழபுரம். உங்க நம்பர் மார்க் ஷீட்ல இருந்துச்சு, அதான்.”

சர்டிபிகேட் வாங்கப் போயிருக்கிறாள். குமாஸ்தா பட்டியலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். “நாங்களா வேண்டாம்னோம்? அந்த டீச்சர்தான் உனக்குப் பாடமே தெரியலன்னு போட்ருக்காங்க.” சர்டிபிகேட்டுக்குத் தாளாளர் கையெழுத்து வேண்டுமாம், நாளை வா என்றிருக்கிறார்கள். திங்கட்கிழமை சிவகாசியில் அவளுக்கு வேறொரு நேர்காணல். ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். நான் எதுல தப்பாச் சொன்னேன்? சொன்னீங்கன்னா திங்கக்கிழமைக்குள்ள திருத்திக்கிடுவேன்.”

ஒரு தப்பும் இல்லை, நான் போட்டது 37 என்றேன்.

“அப்ப பதினெட்டு?”

காலித் தாள் கதையைச் சொன்னேன். அவள், கேலியே இல்லாமல், “வெறும் தாள்லயா டீச்சர் கையெழுத்துப் போடுவீங்க?”

நாளை பத்தரைக்கு அவளை ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னேன்.

மே 9, வெள்ளி

அதே பச்சைப் புடவை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு.

தாளாளர்: “வாங்க டீச்சர்! பால்கோவா வந்துச்சா?”

“வந்துச்சு. இந்தா இருக்கு.” பெட்டியை மேசையில் வைத்தேன். “அந்த மார்க் ஷீட்டக் கொஞ்சம் காட்டுங்க.”

தயங்கி எடுத்துக் கொடுத்தார் குமாஸ்தா. 18, 15. என் கையெழுத்து கீழே, அழகாக. பேனாவை எடுத்து இரண்டையும் அடித்தேன். மேலே 37, 38.

“டீச்சர், டீச்சர்! திருத்துனா செல்லாது!”

“செல்லும். திருத்துன இடத்துல திருத்துனவங்க சுருக்கொப்பம் வைக்கணும். முப்பத்திரண்டு வருசம் அதைத்தான செஞ்சேன்.” வைத்தேன். தேதியும் போட்டேன். போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

தாளாளர் முகம் மாறியது. “உங்களுக்கு இந்தப் பிள்ளை என்ன சொந்தமா?”

“சொந்தமில்ல. பரீட்சை எழுதுனவ.”

“பென்ஷன் வாங்கிட்டு வீட்ல இருக்கறவங்களுக்கு ஈசி டீச்சர். நான் நாலு பேருக்குப் பதில் சொல்லணும்.”

“நாலு பேர் யாரும் தெரு கேக்கல. நீங்கதான் கேட்டீங்க.”

அவர் தாளை வாங்கி மடித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வேலை மைத்துனர் மகனுக்குத்தான். 37 அந்தப் பூட்டுக்குள் இருக்கிறது.

மாரீஸ்வரி முதல்முறையாக வாய் திறந்தாள். “என் ஒரிஜினலக் குடுங்க சார்.” கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை. குமாஸ்தாவின் மேசையிலேயே இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து உறையில் வைத்தாள். அவசரமே படவில்லை.

வெளியே ஆளுக்கொரு எலுமிச்சைச் சாறு. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சிவகாசியிலும் கதவு எடுத்துக்காட்டையே நடத்து என்றேன். தலையாட்டினாள். தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்கு அவர் தெரு கேக்கும்போது நீங்க தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தீங்க டீச்சர். முழு தம்ளரும்.”

ஆமாம் என்றேன். அவள் பஸ் முதலில் வந்தது.

மாலை. முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு. இவர்தான் வாசகம் சொல்கிறார். எத்தனையோ மனு பார்த்த மனிதர், நான் எழுதிய முதல் வரியைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “எவளாவது மனுவுல முதல் வரியிலேயே தன் தப்ப எழுதுவாளா? எடுத்த எடுப்புல தள்ளிருவாங்க.”

“தள்ளட்டும். நடந்தது அந்த வரிசையிலதான் நடந்துச்சு.”

இதுவரை எழுதியது:

1. மதிப்பெண் இல்லாத காலித் தாளில் கையெழுத்திட்டது நான்.

2. விண்ணப்பதாரரிடம் எந்தத் தெரு என்று கேட்கப்பட்டபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.