ஆயிரம் டோக்கன்

இன்று காலை கட்டிங் மெஷினில் புதுத் தாள் வெட்டும்போது வந்த வாசனையில் உன் நினைப்பு வந்துவிட்டது. ஊறவைத்த பச்சரிசி வாசனை என்பாய் நீ. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை, சும்மா தலையாட்டி வைப்பேன்.

திண்டிவனத்து அச்சகத்தில் நான் சேர்ந்து பத்து நாள். அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த நீ வளவனூரிலிருந்து விழுப்புரம் வந்து, பஸ் மாறி, தினமும் எனக்கு முன்பே வந்து நிற்பாய். பெருமுக்கல் பக்கம் கண் முகாமுக்கு ஆயிரம் டோக்கன் கேட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் seq 1 1000 என்று தட்டினால் எண்கள் வரிசையாக வந்து விழும் என்று நீ காட்டியிருந்தாய். நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி அதைத் தட்டி, தாளுக்கு நாலு நாலாக அச்சடித்து, வெட்டியும்விட்டேன். பார்த்தால் முதல் கட்டில் ஒன்று, ஐந்து, ஒன்பது. அடுத்ததில் இரண்டு, ஆறு, பத்து. முதல் கட்டுக்கு ஒன்றிலிருந்து இருநூற்றைம்பது, அடுத்ததற்கு அதற்கு மேல் என்று எண் போட்டிருந்தால், வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலே வரிசை வந்திருக்கும்.

இந்த வேலை போனால் மறுபடி வானூரில் அம்மாவோடு செங்கல் சுமக்க வேண்டும். யார் வேலை இது என்று முதலாளி கத்தினார். நான் வாய் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய்.

"நான்தாங்க நம்பர் போட்டேன். அவ வெட்டனது மட்டுந்தான்."

திட்டு முழுக்க உனக்கு. அப்புறம் நாம் தரையில் உட்கார்ந்து, நாலு கட்டிலிருந்தும் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினோம். சாயங்காலம் ஆள் வருவதற்குள் ஆயிரமும் வரிசையாகிவிட்டது. ஏன்டி இப்படிப் பொய் சொன்னாய் என்றதற்கு, பேசாம அடுக்கு என்றாய்.

உன் காரியத்துக்கு வந்த முதலாளி, தங்கமான பொண்ணு, அந்த டோக்கன்ல மட்டுந்தான் சறுக்கிட்டா என்றார். இத்தனை வருடம் ஊமையாக இருந்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அது நான் செய்த தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் உன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேனே என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள் செங்கல் சுமப்பதை விட்டு நாலு வருடம் ஆகிறது. அந்தப் பொண்ணை ஒரு நாளாவது கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கலாமே என்று அழுதாள்.

"அவ போட்ட சோத்தத்தாம்மா நாம துன்னுக்கினு இருக்கோம்" என்றேன்.